பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்
க்யூடியில் செயலி எழுதுபவர்கள் பலர், திரையை வரையும் க்யூஎம்எல் கோப்பிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனை சி பிளஸ் பிளஸ் பக்கத்திலிருந்து நேரடியாகக் கூப்பிடுகிறார்கள். இன்வோக்மெத்தட் என்று ஒரு வழிதான் இருக்கிறதே! ஆனால் அங்கே ஃபங்ஷனின் பெயர் வெறும் எழுத்துச் சரம். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. செயலி ஓடும்போது கன்சோலில் ஒரு முணுமுணுப்பு வரும், அதை யார் பார்க்கிறார்கள்? வகை குறிக்காத ஃபங்ஷன் என்றால் அனுப்புவதையெல்லாம் க்யூவேரியன்ட்டில் பொதிய வேண்டிய தொல்லை வேறு. திரைக்காரர் ஒருநாள் பெயரை மாற்றினால் போச்சு. என் கட்சி இதுதான்: சி பிளஸ் பிளஸ் பக்கம் சிக்னல் கொடுக்கட்டும், திரை கேட்டுக்கொள்ளட்டும். க்யூடியின் ஆவணமும் அந்தப் பக்கமே சாய்கிறது. சோதனை நிரலில் மட்டும், ஒப்புக்கொள்கிறேன், நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.