விசில் யார் கையில்?

இன்டர்-டிபார்ட்மென்ட் பேஸ்கட்பால் வந்தாச்சு. இந்த வருஷமும் ரெஃப்ரியைத் திட்டத்தானே போறீங்க? அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

பிளாக்கா, சார்ஜா? மோதலுக்கு முன்னாடியே டிஃபெண்டர் எதிராளியைப் பார்த்தபடி ரெண்டு காலையும் தரையில் ஊன்றி நின்னாரா என்பதை அரை நொடியில் முடிவு பண்ணணும். நம்ம கோர்ட்டில் ரீப்ளே கிடையாது. நல்ல ரெஃப்ரியும் சிலதைத் தவறவிடுவார், அதைப் பொறுத்துக்கலாம். ஆனால் மெக்கானிக்கல் ஆடும் மேட்ச்சுக்கு மெக்கானிக்கல் சீனியரே விசில் ஊதினால், அவர் சரியாகச் சொன்னதைக்கூட யாரும் நம்ப மாட்டாங்க.

வெங்கட்ராகவனைப் பாருங்க. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர். 57 டெஸ்ட் ஆடியவர், 73 டெஸ்ட்டுக்கு அம்பயராக நின்றவர். 2002-ல் டெஸ்ட்டுக்கு ரெண்டு அம்பயருமே வேறு நாட்டவராக இருக்கணும்னு ஐசிசி முடிவு செய்தது. அதோட இந்தியா ஆடும் டெஸ்ட்டில் அவராலும் நிற்க முடியவில்லை. அவர் நேர்மையில் குறையா? இல்லை. சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சீர்காழிப் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயரைத்தானே கூப்பிடுறோம்? பக்கத்து வயல்காரரோட மச்சான் சங்கிலி பிடிச்சா ஒத்துக்குவோமா?

அதனால் இந்தத் தடவை மெக்கானிக்கல்–சிவில் மேட்ச்சுக்கு இசிஇ விசில் ஊதட்டும். முதல் நிமிஷம் ஃபவுல் என்றது கடைசி நிமிஷமும் ஃபவுலாகவே இருக்கட்டும். கேப்டன் மரியாதையாகக் கேட்டால் காரணம் சொல்லட்டும். எங்களுக்கு இது கடைசி டோர்னமென்ட். அஞ்சாவது ஃபவுலில் வெளியே வர்றவனுக்குக் கோபம் வரலாம். ஏமாத்திட்டாங்கன்னு தோணக் கூடாது.