பையனின் மெஷினுக்கு அம்மாவின் நகை!

திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ‘பையன் டிப்ளமோ முடித்தவன். வீட்டை ஒட்டிய ஷெட்டில் சின்னதாக ஒரு சி.என்.சி. மெஷினை அவனே பூட்டி வைத்திருக்கிறான். பெயர்ப் பலகை, பூஜை அறைக் கதவுக்குப் பூ வேலை எல்லாம் செய்து கொடுக்கிறான். இப்போது ஏ.டி.சி. என்று ஏதோ மாட்டணுமாம். மாட்டினால் வேலை இரண்டு மடங்காகும் என்கிறான். அதற்கு என் நகையை அடகு வைக்கக் கேட்கிறான். கொடுக்கலாமா?’

கொடுக்கலாமா என்பதற்கு முன்னால், அது என்ன என்று பார்த்துவிடுவோம் அம்மா.

உங்கள் வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், பொடிக்கு ஒரு ஜார். சி.என்.சி. மெஷினும் அப்படித்தான். சுற்றுகிற தலைக்கு ‘ஸ்பிண்டில்’ என்று பெயர். அதில் பருமனான பிட் மாட்டினால் மரத்தை வேகமாகக் குடையும். மெல்லிய பிட் மாட்டினால் இதழ், நரம்பு எல்லாம் வரும். எழுத்து வெட்ட ‘வி’ வடிவ பிட். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, ஸ்பேனர் போட்டுக் கழற்றி, அடுத்ததை மாட்ட வேண்டும். இதை ஆள் இல்லாமல் மெஷினே செய்துகொள்வதுதான் ஏ.டி.சி. அதாவது ஆட்டோமேட்டிக் டூல் சேஞ்சர்.

உங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண்களில் உலகளந்த பெருமாளையும் ரதியையும் மன்மதனையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிற்பங்களை ஒரே உளியால் யாரும் செதுக்கியிருக்க முடியாது. பருவெட்டுக்கு ஒன்று, நகத்துக்கும் நகைக்கும் வேறொன்று. உளி மாற்றுவது அன்றைக்கும் வேலையின் பாதிதான். மெஷினில் அது 1950-களின் கடைசியில் வந்தது. எண்களைக் கொண்டு இயங்கும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் செய்து காட்டியது. சில வருடங்களிலேயே கியர்னி அண்ட் டிரெக்கர் கம்பெனியின் ‘மில்வாக்கி மேட்டிக்’ தானே டூல் மாற்றிக்கொண்டது. இன்று கோவை, ஓசூர் தொழிற்சாலைகளில் இது சர்வ சாதாரணம். அதைத்தான் உங்கள் பையன் ஷெட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறான்.

பூட்டும் சாவியும்

சாதாரண ஸ்பிண்டிலில் பிட்டைப் பிடிப்பது ‘காலெட்’ என்ற கவ்வி. மாட்டும்போதெல்லாம் பிட் ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ நீட்டிக்கொண்டு நிற்கும். மெஷினுக்கு அது தெரியாது. சொல்லாமல் விட்டால், வழுவழுப்பாக வரவேண்டிய இதழில் படிக்கட்டு மாதிரி கோடு விழும். தேக்குப் பலகை என்றால் காசு போனது போனதுதான். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உயரத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும். பையனின் நேரம் ஸ்பேனரைவிட இதில்தான் அதிகம் போகும்.

ஏ.டி.சி. ஸ்பிண்டிலில் ஒவ்வொரு பிட்டும் தனித்தனி ஹோல்டரில் உட்கார்ந்திருக்கும். ஹோல்டரின் தலை கூம்பு வடிவம். 24 மில்லிமீட்டர் நீளத்துக்கு 7 மில்லிமீட்டர் விட்டம் குறைகிற சரிவு. அதனால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். உயரத்தை ஒரு முறை அளந்து கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் போதும்.

இந்தக் கூம்பை இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங். தட்டுத் தட்டாக அடுக்கிய பலமான ஸ்பிரிங். கம்ப்ரசர் காற்று அதை அமுக்கி, பிடியை விட மட்டும்தான். திண்டுக்கல்காரர்களுக்கு எளிதாகச் சொன்னால், ஸ்பிரிங்தான் பூட்டு, காற்று சாவி. நடுவில் கரண்ட் போனாலும், காற்றுக் குழாய் பிடுங்கிக்கொண்டாலும், பூட்டு பூட்டியபடியே இருக்கும். லாரி நிற்கும்போது ஸ்பிரிங் பிரேக் பிடிப்பதும் இதே கணக்கு. காற்றால் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி யாராவது மலிவாகச் செய்து தருகிறேன் என்றால், ஷெட்டுக்குள்ளேயே விடாதீர்கள். நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும்போது பிட் கழன்றால் அது தோட்டா.

இரண்டு மடங்கு உண்மையா?

பேப்பர், பேனா எடுங்கள். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

ஒரு பூஜை அறைக் கதவு. செதுக்க 5 மணி நேரம். டூல் மாற்றம் 4 முறை, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். மொத்தம் 5 மணி 20 நிமிடம். ஏ.டி.சி. வந்தால் அந்த 20 நிமிடம்தான் மிச்சம். அதாவது 16-ல் ஒரு பங்கு. செதுக்குகிற 5 மணி நேரம் அப்படியேதான் இருக்கும்.

ஒரு பெயர்ப் பலகை. செதுக்க 10 நிமிடம், 3 டூல் மாற்றத்துக்கு 15 நிமிடம். மொத்தம் 25. ஏ.டி.சி. அரை நிமிடத்தில் மாற்றினால் 11.5 நிமிடத்தில் முடியும். ஆக, பையன் சொன்ன ‘இரண்டு மடங்கு’ பொய்யில்லை. ஆனால் அது சின்ன வேலைக்கு மட்டும்.

அதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. 6 பலகைகளை ஒன்றாக மேஜையில் பூட்டட்டும். முதல் பிட்டால் ஆறையும் குடைந்துவிட்டு, பிறகு அடுத்த பிட் மாட்டட்டும். செதுக்க 60 நிமிடம், மாற்ற 15 நிமிடம். ஒரு பலகைக்கு 12.5 நிமிடம். ஏ.டி.சி.க்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே நிமிடம். நகை பீரோவிலேயே இருக்கும்!

ஆர்டர்கள் ஒன்றாகச் சேர வேண்டும், பலகைகள் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்பது இதில் உள்ள சங்கடம். வாடிக்கையாளர் ‘இப்பவே வேணும்’ என்று நின்றால் இது உதவாது.

செலவு ஸ்பிண்டிலோடு நிற்காது

ஏ.டி.சி. ஸ்பிண்டிலின் விலை, வீட்டில் பூட்டிய மெஷினின் மொத்த விலையைத் தாண்டிவிடக்கூடும். அதோடு கம்ப்ரசர், காற்றிலுள்ள தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர், ஹோல்டர்கள் எல்லாம் வேண்டும். ஹோல்டர் வைக்கும் தட்டுக்கு மூடி வேண்டும். மரத்தூள் கூம்பில் ஒட்டினால் பிட் கோணலாகச் சுற்றும். ஸ்பிண்டில் முழுசாக நின்ற பிறகே பிடி விட வேண்டும், ஹோல்டர் சரியாக உட்கார்ந்ததா என்று சொல்ல சென்சார் வேண்டும். புது ஸ்பிண்டில் கனமானது, மெஷினின் சட்டம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சின்ன மெஷின்களில் பரவலாக ஓடும் ‘ஜிஆர்பிஎல்’ மென்பொருள், டூல் மாற்றச் சொல்லும் ‘எம்6’ கட்டளையைத் தானாக நிறைவேற்றாது. அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தானே டூல் மாற்றுகிறதே என்று ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. மழுங்கிய பிட் உரசி மரத்தூளில் தீப்பிடிக்கும். ஆள் பக்கத்தில் இருந்தே ஆகணும்.

என் பதில்

நகை இப்போது வேண்டாம் அம்மா. ஆனால் பையனிடம் வெறுமனே ‘முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ‘டூல் செட்டர்’ என்ற சின்ன சென்சாரை வாங்கட்டும். கையால் பிட் மாற்றியதும், மெஷினே அதைத் தொட்டு உயரத்தை அளந்துகொள்ளும். ஏ.டி.சி.யோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. பலகை கெட்டுப்போகிற பயமும் பெரும்பாலும் போய்விடும்.

அதன் பிறகு 2 மாதம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டூல் மாற்ற மட்டும் தினமும் எத்தனை நிமிடம் போனது? அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய ஆர்டர் கையில் இருந்ததா? ஆர்டர் இருந்து, நேரம் மட்டும்தான் இல்லை என்றால், அந்த நேரத்தில் வரக்கூடிய காசை அடகுக்கடன் வட்டியோடு ஒப்பிடுங்கள். வட்டியையும் கட்டி, அசலும் மாதாமாதம் குறையும் என்றால் தைரியமாகக் கொடுங்கள். ஆர்டரே இல்லாமல் நேரம் மட்டும் மிச்சமானால், மிச்சமான நேரத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

நோட்டுக் கணக்கை மகனே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். மெஷின் பூட்டத் தெரிந்தவனுக்கு வரவு செலவும் பார்க்கத் தெரிந்துவிட்டால், உங்கள் நகைக்கு அதைவிட நல்ல ஜாமீன் வேறு வேண்டாம்.