தைரியம் மட்டும் போதாது

கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடக்கும் என் சித்தி மகனைப் பார்க்கப் போன வாரம் உறவுக்கூட்டம் வந்தது. ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள்: "மனச மட்டும் விட்றாதப்பா, எல்லாம் சரியாயிடும்." அவர்கள் போன பிறகு அவன் என்னிடம் கேட்டான்: "அப்போ நான் எந்திரிக்காதது என் மனசோட குத்தமாண்ணே?"

தைரியம் சொல்கிறோம் என்று பழியைத்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

தன்னம்பிக்கை மேடைகளில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் கதை அடிக்கடி வரும். முழுதாகச் சொல்லுங்களேன். 1954-இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மறுபடி மருத்துவராக அவருக்கு மனஉறுதி மட்டுமா கைகொடுத்தது? உட்கார்ந்தே கை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று வழிகாட்ட அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சக்கர நாற்காலியிலிருந்தே நிமிர்த்தினார் மேரி. ஆஸ்திரேலியாவில் பயிற்சி, நியூயார்க்கில் மேல்படிப்பு. அவரே தைரியம் போதும் என்று நம்பியிருந்தால், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எதற்கு? ஒரு சொற்பொழிவு மண்டபம் கட்டியிருப்பாரே!

என் தம்பிக்கு நம்பிக்கை வந்த விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி தரும் பெண் அவனிடம் தைரியம் பற்றிப் பேசவே இல்லை. படுத்தபடியே உருண்டு பேன்ட் மாட்டச் சொன்னார். பலகை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர வைத்தார். படுக்கைப்புண் வராமலிருக்கக் கையூன்றி உடம்பைத் தூக்கப் பழக்கினார். அவன் எலக்ட்ரீஷியன் என்று தெரிந்ததும் மேசையில் ஒரு பழைய மிக்ஸி மோட்டாரை வைத்தார். அதற்குக் காயில் கட்டி முடித்த இரவுதான், விழுந்த கனவு வராமல் தூங்கினான். மேரி வர்கீஸுக்கு அறுவைக் கத்தி. இவனுக்குச் செம்புக் கம்பி.

வீட்டிலோ சித்தி சோறு ஊட்டுகிறாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே, சித்தி! பாசத்தால் அவனைக் குழந்தையாக்குகிறோம். "பேசாம ரெஸ்ட் எடு" என்பது அடுத்த கொடுமை.

அரசுக்கும் தைரியம் போதும் என்ற நினைப்புத்தான். ஆக்குபேஷனல் தெரபிக்காரர்களையும் சேர்த்து, துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021-இல் சட்டம் வந்தது. ஆனாலும் எங்கள் ஊர் மருத்துவமனையில் அவர்களைக் கேட்டால் பிசியோதெரபி அறையைக் காட்டுகிறார்கள். கல்லூரிகள் தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குப் பணம் கொடுக்கின்றன. அதே கல்லூரி மேடைக்குச் சக்கர நாற்காலியை நாலு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. சாய்தளம் கட்ட இன்னும் யாருடைய மனஉறுதிக்காகக் காத்திருக்கிறார்கள்?