சட்டாம்பிள்ளையும் தண்ணீர்ப் பானையும்

ஒரு பாடசாலையின் பெருமையைக் கட்டடத்தைக் கொண்டு அளப்பவர் உளர். பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு அளப்பவர் அவரினும் பலர். அங்கு பயிலும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் எவ்வாறு கூடி வாழப் பழகுகின்றனர் என்பதைக் கொண்டு அளப்பவரோ மிகச் சிலர். கிராமத்துச் சிறு பள்ளிகளைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், பிள்ளைகள் போதாது, ஆசிரியர் போதாது, மேசை வாங்கு போதாது என்று இல்லாதவற்றையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அங்கே இருக்கும் செல்வம் ஒன்றுண்டு. பெரிய கல்லூரியிலே நூற்றில் ஒருவருக்கு வாய்க்கும் தலைமைப் பயிற்சியைச் சிறு பள்ளியிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அளித்துவிடலாம். அதைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

நாற்பது பிள்ளைகள் பயிலும் ஓர் ஆரம்பப் பாடசாலையை மனத்திலே நிறுத்திக்கொள்வோம். வன்னியிலோ, மட்டக்களப்பின் படுவான்கரையிலோ, மலையகத் தோட்டமொன்றிலோ அஃது இருக்கலாம். ஒரே நீண்ட மண்டபம். கரும்பலகைகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருக்கிறார்கள். முற்றத்து வேம்பிலே தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. அதிபர் தாமும் ஒரு வகுப்பை எடுக்கிறார். ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒருசேரப் பார்க்கிறார். காலை பஸ் பிந்தினால் பாடசாலையும் பிந்துகிறது.

இத்தகைய பள்ளியிலே ஐந்தாந் தரத்துப் பிள்ளைதான் மூத்த பிள்ளை. வயது பத்தே ஆயினும், முதலாந் தரத்துச் சின்னஞ்சிறுசுகளுக்கு அவன் அண்ணா; அவள் அக்கா. அடுத்த ஆண்டு ஆறாந் தரத்துக்குப் பெரிய பாடசாலைக்குச் சென்றதும் அதே பிள்ளை கடைக்குட்டியாகிவிடும். மூத்தோர் முன் வாய் திறக்க அஞ்சும். பிறர் தன்னை நம்பியிருக்கும் நிலை எத்தகையது என்பதை அறிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்தச் சில காலமே. அதனை வீணாக்கலாமா?

பல இடங்களிலே வீணாக்கியே வருகிறோம். ஆண்டுத் தொடக்கத்திலே ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் தலைவர் சின்னம் சூட்டப்படுகிறது. அவர்கள் பெரும்பாலும் வகுப்பிலே முதலாம் பிள்ளைகளாயிருப்பர். அல்லது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலே செல்வாக்குள்ளவரின் பிள்ளைகளாயிருப்பர். அவர்களுக்கு இடப்படும் பணியோ, ஆசிரியர் வெளியே சென்றதும் கதைத்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவைப்பது. தோழனின் பெயரை எழுதாது விடுவதும், நெல்லிக்காய் கொடுத்தவனின் பெயரை அழித்துவிடுவதும், பகைத்தவனின் பெயரை இருமுறை எழுதுவதும் நாம் யாவரும் கண்ட காட்சிகளே. இதிலே தலைவன் கற்றது என்ன? அதிகாரத்தை எவ்வாறு விற்பது என்பதை. மற்றவர் கற்றது என்ன? அதனை எவ்வாறு வாங்குவது என்பதை. பெயர் எழுதும் வெண்கட்டியைப் பிள்ளையின் கையிலே கொடுப்பது அப்பிள்ளைக்கே செய்யும் தீங்காகும்.

சட்டாம்பிள்ளை வந்த வழி

நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். முதலிலே கற்ற பிள்ளை, பின்னே வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலிலே அரிச்சுவடி எழுதப் பழக்குவான். வாத்தியார் ஒருவரே பல படியினரைப் பார்க்கவேண்டியிருந்தமையால் எழுந்த ஏற்பாடு இது. இந்த எளிய ஏற்பாடு கடல் கடந்து சென்ற கதை நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரிலே, படைவீரரின் பிள்ளைகளுக்கென அமைந்த அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர் பொறுப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே பயிற்றவேண்டுமென விரும்பினார். உதவி ஆசிரியர் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்புவித்தார். முயற்சி பலித்தது. 1797ஆம் ஆண்டு இலண்டனிலே அவர் இதனை ஒரு நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. அதே காலத்திலே யோசேப்பு லங்காஸ்டர் என்பாரும் இலண்டனிலே இதையொத்த முறையைக் கையாண்டார்.

ஆனால், பரவிய முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிரப்பிக் குறைந்த செலவிலே பயிற்ற விரும்பியவர்கள், கற்பிக்கும் தோழனை மேற்பார்க்கும் காவலனாக மாற்றினர். பாடம் இயந்திர ஒப்புவிப்பாயிற்று. நம் ஊர்களிலும் சட்டாம்பிள்ளை நாளடைவிலே பிரம்பு தூக்குபவனானான். இன்று 'சட்டம்பித்தனம்' என்னும் சொல்லே அதட்டலைக் குறிக்கின்றது. விரலைப் பிடித்து எழுதவைத்த கை எங்கே, பிரம்பைப் பிடித்த கை எங்கே! சிறு பள்ளியொன்று மாணவர் தலைமையைப் பேண விரும்பினால் முதலாவது கையைத் தேடிச் செல்லவேண்டும்.

அவ்வாறு தேடிச் சென்ற நாடு ஒன்றுண்டு. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாவின் கிராமங்களிலே, ஓரிரு ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் மிகுதி. 1970களின் நடுப்பகுதியிலே விக்கி கொல்பெர்ட் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் அப்பள்ளிகளுக்கென 'புதிய பள்ளி' என்னும் பொருள்படும் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பிள்ளைகள் தம் வேகத்திலே குழுவாக அமர்ந்து கற்பதும், தமக்கென ஒரு மாணவர் அரசைத் தேர்ந்து, நூல், தோட்டம், துப்புரவு ஆகியவற்றைச் சிறு குழுக்களாகப் பொறுப்பேற்று நடத்துவதும் அதன் கூறுகள். 1990களின் பிற்பகுதியிலே இலத்தீன் அமெரிக்க நாடுகளிடையே யுனெஸ்கோ நடத்திய ஒப்பாய்விலே, மாநகரங்களை நீக்கிப் பார்க்கையில் கொலம்பியாவின் கிராமப் பள்ளிகள் நகரப் பள்ளிகளை விஞ்சி நின்றன. மாணவர் குழுக்களே இதற்கு முழுக் காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும், தோட்டத்துக்கும் நூலுக்கும் பொறுப்பேற்றமையால் அப்பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடவில்லை என்பதேனும் தெளிவு.

பானையும் வாளியும்

இனி, நமது நாற்பது பிள்ளைகளின் பள்ளிக்கு வருவோம். அங்கே என்னென்ன வேலைகள் உள்ளன? மணி அடிக்கவேண்டும். காலைப் பிரார்த்தனையை நடத்தவேண்டும். தண்ணீர்ப் பானையைக் கழுவி நிரப்பவேண்டும். முற்றம் கூட்டவேண்டும். பூங்கன்றுகளுக்கு நீர் வார்க்கவேண்டும். வாசிப்பு மூலையிலே நூல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். உணவு வேளையிலே சிறியோரின் கைகளைக் கழுவுவித்து வரிசையில் இருத்தவேண்டும். இரண்டு நாள் வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று அயலிலே கேட்டறிந்து ஆசிரியருக்குச் சொல்லவேண்டும். வாணி விழாவுக்குத் தோரணம் கட்டவும், ஒளிவிழாவுக்குத் தாரகை செய்யவும், மீலாத் விழாவுக்கு முற்றத்தை அழகுபடுத்தவும் ஆள் வேண்டும்.

இவற்றையெல்லாம் எட்டுப் பத்துப் பொறுப்புகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூத்த பிள்ளை ஒன்றையும் இளைய பிள்ளை ஒன்றையும் சேர்த்து நியமித்தால், ஒரே வேளையில் இருபதுபேர் பொறுப்பிலிருப்பர். தவணைக்கொரு முறை மாற்றினால், ஆண்டு முடிவதற்குள் பொறுப்பு வகியாத பிள்ளையே இராது. இளைய பிள்ளை மூத்ததைப் பார்த்துப் பழகும். அடுத்த முறை தானே மூத்ததாய் நின்று இன்னொன்றைப் பழக்கும். சட்டாம்பிள்ளையின் பழைய கை இதுவேயன்றோ?

இங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு. தும்புத்தடி பெண்பிள்ளைக்கும் மணி ஆண்பிள்ளைக்கும் என்று வீட்டு வழக்கத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. கூட்டுவதும் மணி அடிப்பதும் இருபாலார்க்கும் முறைவைத்து வருதல் வேண்டும்.

மற்றது, தண்ணீர்ப் பானை. 1920களின் இறுதியிலே, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பள்ளிகள் சில தீக்கிரையும் ஆயின. ஒரே வாங்கிலே அமர்வதற்கே அத்தனை போராட்டம். அந்நாள் கடந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கடந்தது உண்மையாயின், இன்ன பிள்ளை இன்ன வீட்டுப் பிள்ளை என்று பாராது, பள்ளிக்கூடத்துப் பானையை எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து நிரப்பட்டும். அந்தப் பானையிலிருந்து எல்லாரும் அருந்தட்டும். சமத்துவத்தைப் பற்றிப் பத்துப் பேச்சுப் போட்டிகள் நடத்துவதிலும் இந்த ஒரு பானை மிகுதியாகக் கற்பிக்கும்.

பொறுப்புக் கொடுத்தால் மட்டும் போதாது. பேசும் உரிமையும் கொடுத்தல் வேண்டும். பிள்ளைகள் தமக்குரிய காரியங்களிலே தம் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமையுடையர் என்கிறது ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கை. நம் நாடு அதனை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. பெரிய பாடசாலைகளிலே மாணவர் பாராளுமன்றங்கள் நடைபெறுகின்றன. சிறு பள்ளிக்கு அத்தனை ஆடம்பரம் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையிலே வேம்பின் கீழ் வட்டமாக இருந்து, பொறுப்பாளர் ஒவ்வொருவரும் அவ்வாரம் நடந்ததைச் சொன்னாற் போதும். "கிணற்று வாளியின் கயிறு தேய்ந்துவிட்டது, சேர்" என்று மூன்றாந் தரத்துப் பிள்ளை எழுந்து சொல்லட்டும். ஒரு கொப்பியிலே அதை எழுதிவைக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அதிபர் அதற்கு விடை கூறட்டும். கயிறு மாறினால், தன் சொல்லுக்குப் பயனுண்டு என்று அந்தப் பிள்ளை அறியும். பணமில்லாது மாறாவிடின், ஏன் மாறவில்லை என்பதை நாற்பது பேருக்கும் விளக்கிச் சொல்லுதலும் தலைமையின் கடமை என்பதை அறியும்.

பெற்றார் செய்யத்தக்கது

"என் பிள்ளையைப் படிக்க அனுப்பினேனா, முற்றம் கூட்ட அனுப்பினேனா?" என்று சில பெற்றார் கேட்கக்கூடும். ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்க, மணி அடிக்கவும் மரம் வளர்க்கவும் நேரமேது என்பர் வேறு சிலர். அவர்களின் கவலையை நாம் எள்ளவில்லை. அந்தப் பரீட்சையினால் ஏழைப் பிள்ளைகள் பலர் உயர்ந்திருக்கின்றனர். ஆனால், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலையினால் எந்தப் பிள்ளையின் புள்ளியும் குறைந்துவிடாது. நூல்களை எண்ணிக் கணக்கு வைப்பதும், வாரச் செய்தியை எழுதி வாசிப்பதும் கணிதமும் மொழியும் அல்லவா? அன்றியும், பரீட்சையிலே தேறியவர் சிலராகவும் தேறாதவர் பலராகவும் இருப்பர். தேறாத பிள்ளையும், 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணத்தோடு பள்ளியை விட்டுப் போகாதிருக்க வேண்டுமானால், தான் உதவிய நாள்கள் சில அதன் நினைவிலே இருத்தல் வேண்டும்.

பெற்றார் தாமும் அருகே வந்து நிற்கலாம். 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் மாணவர்கள், தம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தினவோடு கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று ஊராரோடு சேர்ந்து உழைத்தனர். அந்தச் சிரமதானமே சர்வோதய இயக்கத்தின் தொடக்கம். அங்கே மாணவர் ஊருக்குச் சென்றனர்; இங்கே ஊர் மாணவரிடம் வரட்டும். விடுமுறைக்குப் பின் பள்ளி வளவைத் துப்புரவாக்கும் நாளிலே, எந்த மூலையை எவர் பார்ப்பது என்று பங்கிட்டுச் சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தந்தைமாரும் தாய்மாரும் அவர்கள் சொற்படி ஒரு காலைப்பொழுது மண்வெட்டி பிடிப்பதால் எவருக்கும் இழிவு நேராது.

மாணவர் தொகை குறைந்துபோன சிறு பள்ளிகளைத் தேடி மூடும் பேச்சு அடிக்கடி எழுகிறது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்ப, ஏழைப் பிள்ளைகள் மட்டுமே எஞ்சுகின்றனர். இத்தகைய பள்ளியை மனுக்களும் தீர்மானங்களும் மட்டும் காப்பாற்றிவிடமாட்டா. 'இது என்னுடைய பள்ளி' என்று சொல்லும் பிள்ளைகளும், அப்பிள்ளைகளைக் கண்டு மனம் மாறும் பெற்றாருமே அதைக் காக்கவல்லவர்.

ஆதலின், அதிபர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். இத்தவணை முடியும்போது வரவு இடாப்பை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். தலைவர் யார் என்று பார்க்கவேண்டாம். இதுவரை எந்தப் பொறுப்பும் பெறாத பிள்ளை யார் என்று பாருங்கள். கடைசி வாங்கிலே பேசாதிருக்கும் அந்தப் பிள்ளையை அழைத்து, "தம்பி, நாளை தொடக்கம் மணி உன் பொறுப்பு" என்று சொல்லுங்கள். மறுநாள் எல்லாருக்கும் முன்னே பள்ளிக்கு வருவது அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.