கொற்கையில முத்து எடுத்தது யாரு?

பாளையங்கோட்டை புத்தகத் திருவிழாவுல ஒரு சுத்து சுத்தினா தவறாம கண்ணுல படுற ரகம் ஒண்ணு உண்டு. அட்டையில பாய்மரக் கப்பல், ஓரத்துல ரோமானியக் காசு, பின்னால ஈட்டியோட ஒரு யவனன். தலைப்பு எதுவா இருந்தாலும் உள்ள சரக்கு ஒண்ணுதான். கிரேக்கன் நம்மளப் புகழ்ந்தான், ரோமானியன் தங்கத்தைக் கொட்டினான், ஆகவே நாம பெரிய ஆளு. போதாக்குறைக்கு சிலர் கெல்ட்டுகளையும் இழுத்துட்டு வந்து அவங்க பூசாரியான 'துருயிட்', நம்ம 'திராவிட' ரெண்டும் ஒண்ணுன்னு முடிச்சுப் போடுவாங்க.

இந்த ரகத்து மேல எனக்குள்ள கோபத்தைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. கும்முறதா இருந்தா முழுசா படிச்சிட்டு கும்முங்க மக்கா.

முதல்ல நம்ம கொற்கையை எடுத்துக்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டுல பேர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்கத்துல எழுதினது 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்'. அதுல 'கொல்கோய்'னு வர்ற துறைமுகம் தாமிரபரணி முகத்துல இருந்த கொற்கைன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அங்க முத்துக்குளித்துறை இருந்தது, அது பாண்டியனுக்குச் சொந்தம். இந்த ரெண்டு சேதியும் எல்லாப் புத்தகத்துலயும் கொட்டை எழுத்துல இருக்கும்.

ஆனா அதே இடத்துல மூணாவது சேதி ஒண்ணும் இருக்கு. அந்தத் துறையில வேலை பார்த்தது தண்டனை பெற்ற கைதிகள்னு அந்த ஆளு எழுதியிருக்கார். 1912ல வந்த ஷாஃப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்துல சும்மாவே கிடைக்குது, போய்ப் பாருங்க. நான் புரட்டின புத்தகங்கள்ல பெரும்பாலானதுல இந்த வரி மட்டும் காணாமப் போயிருக்கு. முத்து இருக்கு, பாண்டியன் இருக்கான், கப்பல் இருக்கு. மூச்சை அடக்கிக்கிட்டு கடலுக்குள்ள போனவன் மட்டும் இல்ல.

அந்த வணிகர் சொன்னது சரியா தப்பாங்கறது வேற விஷயம். யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கலாம். சங்கப் பாட்டுகளைப் பார்த்தா கொற்கைக் கடலோட ஒட்டி வாழ்ந்தவங்க பரதவர். அப்ப குளிச்சது கைதியா பரதவரா, இல்ல ரெண்டு பேருமா? ரெண்டு சான்றையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசகனோட பேசுறதுதான் வரலாற்றுப் புத்தகம். புகழ்ச்சியை மட்டும் வெட்டி ஒட்டினா அது கல்யாண வாழ்த்து மடல்.

பிளினி கதையும் இதேதான். வருசத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகுதுன்னு அவர் புலம்பினார். அந்த 'இந்தியா' நம்ம புத்தகங்கள்ல சத்தமில்லாம 'தமிழகம்' ஆயிரும். மனுஷன் தன் ஊர்க்காரங்க ஆடம்பரத்தைத் திட்டி எழுதினதை நாம நற்சான்றிதழா சட்டம் போட்டு மாட்டிக்கிட்டோம்.

சரி, அவங்க ஊர்ல எப்படி எழுதுறாங்க? ரோமைப் பத்தி மேரி பியர்ட் 2015ல எழுதின 'எஸ்.பி.க்யூ.ஆர்.' சாதாரண வாசகனுக்கான புத்தகம்தான். ரோமுலஸ் கதையில எதை நம்பலாம், எதை நம்ப முடியாது, நமக்கு இது எப்படித் தெரியும்னு வாசகனையும் கூட்டிக்கிட்டே போவார். அடிமைகளும் ஏழைகளும் அதுல உண்டு. இன்னும் ஒரு படி மேல சைமன் ஜேம்ஸ். 1999ல 'தி அட்லாண்டிக் கெல்ட்ஸ்'னு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பிரிட்டன் தீவுகள்ல பழங்காலத்துல யாரும் தங்களை கெல்ட்னு சொல்லிக்கிட்டதில்ல, அந்த அடையாளமே 1700ஐ ஒட்டி உருவானதுன்னு வாதாடினார். சண்டை நடந்தது, இன்னும் நடக்குது. ஆனா அதை வெளியிட்டது பிரிட்டிஷ் மியூசியத்தோட பதிப்பகம்! இங்க அப்படி ஒரு புத்தகம் போட்டா எழுதினவர் வீட்டுக்கு ஆட்டோ வரும்.

இப்ப "நம்மளே நம்மளக் குறைச்சுப் பேசலாமாவே? ஏற்கனவே வடக்க நம்மள எவன் மதிக்கான்?"னு ஒரு அண்ணாச்சி கேப்பார். கேள்வி நியாயமானது. ஆதிச்சநல்லூரையே பாருங்க. 1876ல பெர்லின்ல இருந்து யாகோர் வந்து தோண்டி, எடுத்ததைக் கப்பல்ல கொண்டு போனார். அப்புறம் அலெக்சாண்டர் ரியா வந்து தோண்டினார், 1915ல அவரோட பட்டியல் அச்சாச்சு. அடுத்த பெரிய அகழாய்வுக்கு 2004 வரைக்கும் காத்துக் கிடந்தோம். அதுல எடுத்த மாதிரிகளோட காலக் கணிப்பு, கி.மு. 905, கி.மு. 696ன்னு வெளிய வந்தது 2019ல, அதுவும் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில வழக்கு நடந்தப்புறம். வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு.

அதனாலதான் சொல்லுதேன். நம்மகிட்ட ஆதாரம் கேக்குறவன் முன்னால பெருமைப் புத்தகத்தை நீட்டினா, அதுல உள்ள முதல் ஓட்டையைக் காட்டி தாழி, இரும்பு எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிருவான். 2025 ஜனவரியில தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சிவகளை இரும்பை கி.மு. நாலாம் ஆயிரமாண்டுக்குக் கொண்டு போகுது. எந்த மாதிரியை எங்க எடுத்தாங்க, எந்த ஆய்வகத்துல கொடுத்தாங்க, கேள்வி கேக்குறவங்க என்ன கேக்குறாங்க? ஒரு பிளஸ் டூ பையனுக்குப் புரியுற மாதிரி இதை எழுதுறதை விட்டுட்டு 'உலகுக்கே இரும்பு தந்தோம்'னு வாட்சப்ல சுத்த விட்டு என்ன லாபம்?

இன்னொண்ணு. ரோம் நகரம் உண்டானதா அவங்க மரபுல சொல்ற வருசம் கி.மு. 753. ஆதிச்சநல்லூர் மாதிரி ஒண்ணோட கணிப்பு அதுக்கும் முந்தினது. அப்படியிருக்க, பின்னால வந்தவன் கையெழுத்துப் போட்ட சான்றிதழைத் தூக்கிக்கிட்டு ஏன் அலையணும்? அந்தத் தாழிக்குள்ள யாரை வச்சாங்க, என்ன சாப்பிட்டாங்க, அந்த வெண்கலத்தை எப்படி வார்த்தாங்கன்னு நம்ம ஆத்தங்கரையில நின்னு கேக்க ஆயிரம் கேள்வி கிடக்கு.

பதிவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பெரிப்ளூஸ்ல இருந்து கொற்கையை எடுத்துப் போட்டீங்கன்னா, கைதிகள் வரியையும் சேர்த்துப் போடுங்க. முத்துக்குப் பேர் கிடைச்சாச்சு, பாண்டியனுக்கும் கிடைச்சாச்சு. கடலுக்குள்ள இறங்கினவன் பேர்தான் நமக்குத் தெரியாது. அவன் இருந்தான்ங்கறதையாவது மறைக்காம இருப்போம்.

டிஸ்கி: 'யவன ராணி' ரசிகர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது நாவல், நாவலாத்தான் நானும் விழுந்து விழுந்து படிச்சேன். நாவலை வரலாறுன்னு விக்கிறவங்களோடதான் நம்ம பஞ்சாயத்து :-)