கிரகணம் உதட்டைப் பிளப்பதில்லை

2019 டிசம்பர் 26 காலை, வளைய சூரிய கிரகணத்தின் பாதை திருச்சி வழியாகவே போனது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அன்று வழக்கமான கட்டளைகள்தான்: வெளியே வராதே, அரிவாள்மனையைத் தொடாதே, ஊக்கைக் கழற்றி வை. மீறினால் குழந்தை உதடு பிளந்து பிறக்குமாம். அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், தையல்கூட ஆறாத தாயிடம் விசாரணை தொடங்கிவிடும்: “கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்கினியா?”

அவள் நறுக்கியிருந்தாலும் அது காரணமில்லை. கரு உண்டான 4-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரத்துக்குள் மூக்குப் பக்கத்துத் திசுவும் இரு கன்னங்களின் திசுக்களும் நடுவில் வந்து சேர்ந்து மேலுதடாகின்றன. சேராமல் நின்ற இடம்தான் பிளவு. அண்ணமும் 12-ஆம் வாரத்துக்குள் மூடிவிடும். நாம் அறைக்குள் உட்காரவைப்பதோ வளைகாப்பு முடிந்த பெண்ணை. அவள் பிள்ளைக்கு உதடு உருவாகி மாதக்கணக்காகியிருக்கும். உதடு உருவாகும் நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது.

கிரகணம்தான் காரணமென்றால், அந்த டிசம்பரில் உதடு உருவாகிக்கொண்டிருந்த குழந்தைகள் பிறந்த 2020 ஆகஸ்டில் பிளவுகள் குவிந்திருக்க வேண்டும். மற்ற மாதங்களில் அரிதாகியிருக்க வேண்டும். ஆனால் உலகெங்கும் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று என, எல்லா மாதங்களிலும் பிளவுள்ள குழந்தைகள் பிறக்கிறார்கள். மெக்சிகோவிலும் இதே பயம் உண்டு. அங்கே கர்ப்பிணி ஆடையில் ஊக்குக் குத்திக்கொண்டால் பாதுகாப்பு என்கிறார்கள். நாம் அதே ஊக்கைக் கழற்றச் சொல்கிறோம்.

“பெரியவங்க சொன்னது, கடைப்பிடிச்சா என்ன கெடுதல்?” என்பார்கள். கெடுதல் உண்டு. மணிக்கணக்கில் தண்ணீர்கூட இல்லாமல் கர்ப்பிணியை உட்காரவைப்பது ஒன்று. அதைவிடப் பெரியது, பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்து, கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போவது. இரு குடும்பங்களிலும் யாருக்காவது பிளவு இருந்ததா? கருவுறும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கினாளா? சர்க்கரை கட்டுக்குள் இருந்ததா? வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? சில வலிப்பு மருந்துகள் பிளவு வாய்ப்பைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும். பல பிளவுகளுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. அந்த நிலையிலும் தாய் குற்றவாளி அல்ல.

பல்லோடு பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பதும் இதே வகைப் பேச்சு. அது பெரும்பாலும் முந்தி முளைத்த பால்பல். ரொம்ப ஆடினாலோ தாயின் மார்பையோ குழந்தையின் நாக்கையோ புண்ணாக்கினாலோ எடுப்பார்கள்.

பிளவோடு பிறந்த குழந்தையை “பால் குடிக்காது, தங்காது” என்று கைவிடுவது கொடுமை. உதட்டில் மட்டும் பிளவுள்ள குழந்தை பெரும்பாலும் தாய்மார்பிலேயே குடிக்கும். அண்ணம் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கில் ஏறும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் சிறிது சிறிதாகக் கொடுத்து, அடிக்கடி ஏப்பம் விடவைத்தால் எடை கூடும். உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருப்பதும் உண்டு. பிறந்தவுடன் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்காவிட்டால் அது தெரியாமலே போகும்.

“வளரட்டும், கல்யாணத்துக்கு முன்னே தைச்சுக்கலாம்” என்பதும் தவறு. உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு வரும் முன், பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் தைக்கிறார்கள். தள்ளிப்போட்டால் மூக்கால் பேசும் பழக்கம் ஊன்றிவிடும். காதில் நீர் கோத்துக் கேட்கும் திறனும் குறையலாம் என்பதால், காதையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன; சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. திருச்சிக்காரர்கள் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்கலாம். முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும்.