லூவ்ர் திருட்டும் வதந்திகளும்

பாரிஸின் லூவ்ர் முதலில் கோட்டை, பிறகு அரண்மனை, 1793 முதல் அருங்காட்சியகம். அங்குள்ள பிரமிடில் 666 கண்ணாடிகள் என்று நெடுங்காலமாக ஒரு கட்டுக்கதை உலவியது, இருப்பவை 673. 2025 அக்டோபர் 19 அன்று அரச நகைகள் களவு போனதும் ‘எல்லாம் நாடகம்’ என்று இணையத்தில் புரளி கிளம்பியது. வாசலில் தொப்பியுடன் நின்ற பதினைந்து வயதுச் சிறுவனைக்கூடத் துப்பறிவாளன் ஆக்கிவிட்டார்கள்.

நடந்தது என்ன? பட்டப்பகலில் ஏணி பொருத்திய லாரியில் வந்தவர்கள், மாடத்தில் ஏறி, சன்னலை அறுத்து உள்ளே புகுந்தார்கள். வெளிக் கேமராக்கள் போதுமானவையாக இல்லை என்று அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநரே செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டார். இதற்குத்தான் பதில் வேண்டும். வதந்தி பரப்புவோர், பொறுப்பானவர்கள் நழுவவே வழி செய்கிறார்கள். ஆதாரமில்லாத எதையும் பகிராதீர்கள்.